வானம் இட்டதா? மண் வெடித்ததா?

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டித் தூத்துக்குடியில் நடைபெற்ற இளைஞர் அரங்கில், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றி எனக்கு முன்னர்ப் பலரும் பேசினர். கல்வி வேலை தரும் என்றனர். மதிப்புத் தரும் என்றனர். அவை யாவும் உண்மையே. ஆயினும், அவற்றுக்கெல்லாம் முன்னதாகக் கல்வி தரவேண்டிய ஒன்று உண்டு. ஒரு செய்தியைக் கேட்டவுடன் நம்பிவிடாமல் அதன் மூலத்தைத் தேடும் துணிவே அது. அதனை விளக்குவதற்கு நான் இன்று ஒரு குழியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். வெள்ளி விழா மேடையில் குழியைப் பற்றிப் பேச்சா என்று நீங்கள் நகைக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகின்றேன்.

மாணவர் கொணர்ந்த வினா

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் சவூதி அரேபியாவில் வாகன ஓட்டுநராகப் பணிபுரிகின்றார். விடுமுறையில் ஊர் வந்தபோது என் இல்லம் தேடி வந்தார். பேரீச்சம்பழப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, தம் கைபேசியிலிருந்த ஒரு படத்தைக் காட்டினார். தாயிப் நகரிலிருந்து நெடுந்தொலைவு பாலையில் பயணம் செய்து கண்ட இடமாம் அது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கருநிறப் பாறை; நடுவே வட்டமாக ஒரு பெரும்பள்ளம்; பள்ளத்தின் அடியில் பால் சிந்தியதுபோல் வெண்மை.

"சார், வானத்திலிருந்து நட்சத்திரம் விழுந்து உண்டான குழி என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள். அது உண்மைதானா? அடியில் கிடக்கும் அந்த வெள்ளை என்ன?" என்று கேட்டார். பின்னர்த் தாமே சிரித்துக்கொண்டு, "பார்த்தவுடன் நம் ஊர் உப்பளம் நினைவுக்கு வந்துவிட்டது, சார்" என்றார்.

அவர் கண்டது அல் வாபா என்னும் பெருங்குழி. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் விட்டமும் 250 மீட்டர் ஆழமும் உடையது. நம் ஊர்ப் பனை ஒன்றின் உயரம் 20 மீட்டர் எனக் கொண்டால், 12 பனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் அக்குழியின் விளிம்பை எட்டா. அங்கு வாழும் மக்களிடையே ஒரு கதை உண்டு. ஒரு மலை மற்றொரு மலையின்மீது காதல் கொண்டு தன்னைத்தானே வேரோடு பெயர்த்துக்கொண்டு சென்றதாம். அது நின்ற இடமே இந்தப் பள்ளமாம். பின்னாளில் படித்தோர் வந்தனர். அவர்கள் காதல் கதையை விடுத்து, விண்கல் விழுந்த குழி என்றனர். இரண்டும் தவறு என்பதைப் புவியியலார் பின்னர்க் கண்டறிந்தனர்.

மாணவருடைய இரண்டாம் வினாவுக்கு அவர் வாயிலிருந்தே விடை வந்துவிட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகின்றேன். மழை பெய்தால் அக்குழியில் நீர் தேங்குகின்றது, வெளியேற வழியில்லை. வெயில் நீரைக் கொண்டுபோகின்றது. நீரில் கரைந்திருந்த உப்புகள் அடியில் தங்கிவிடுகின்றன. பாத்தியில் நீர் கட்டி, வெயிலில் காயவிட்டு, உப்பு வாரும் நம் மக்களுக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. உப்பளத் தொழிலாளியின் மகன் ஒருவன் கடல் கடந்த பாலைவனத்தில் நின்று, ஒரே பார்வையில் அந்த வெண்மையின் தன்மையை உணர்ந்துகொண்டான். நம் உழைப்பில் அறிவு இல்லை என்று எவரேனும் கூறினால், இதனை அவருக்குச் சொல்லுங்கள்.

வட்டம் சொல்லாத உண்மை

இனி முதல் வினாவுக்கு வருவோம். அறிந்தோரும் ஏன் அதனை விண்கல் குழி என்று எண்ணினர்? எரிமலை என்றவுடன் கூம்புபோல் உயர்ந்து நிற்கும் மலையே நம் நினைவுக்கு வருகின்றது. அல் வாபாவிலோ தரைமட்டத்துக்குக் கீழே ஆழ்ந்த ஒரு கிண்ணமே தெரிகின்றது. வட்டமான பள்ளம் என்றால் மேலிருந்து ஏதோ விழுந்திருக்க வேண்டும் என்று கண் சொல்கின்றது. கண் சொன்னதை மனம் ஏற்றுக்கொள்கின்றது.

உண்மையில் நிகழ்ந்தது வேறு. நிலத்தின் ஆழத்திலிருந்து மேலெழுந்த பாறைக்குழம்பு, வழியில் நிலத்தடி நீரைச் சந்தித்தது. காய்ந்த எண்ணெய்ச் சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேலாக விரியும். மூடிய பாறைக்குள் அவ்வாறு விரிந்தால் பாறை தாங்குமா? வெடித்துச் சிதறியது; மண்ணும் கல்லும் சாம்பலும் வானில் எறியப்பட்டுச் சுற்றிலும் விழுந்தன; நடுவே பள்ளம் எஞ்சியது. ஏறத்தாழ 11 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த வெடிப்பு இது எனக் கணித்துள்ளனர். வானத்திலிருந்து எதுவும் விழவில்லை.

இதனை எவ்வாறு அறிந்தனர்? குழியின் சுவரில் இறங்கிப் பார்த்தனர். பழைய எரிமலைக் குழம்பு உறைந்த அடுக்கும், அதன்மேல் வெடிப்பில் எழுந்த சாம்பல் படிந்த அடுக்குகளும் அங்கே இருந்தன. விண்கல் விழுந்த இடத்தின் அடையாளங்களோ வேறு. நொடிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஒரு பெருங்கல் மோதும்போது, விளிம்பிலுள்ள பாறை அடுக்குகள் மேல்நோக்கி மடங்கித் தலைகீழாகக் கவிழ்கின்றன. எந்த எரிமலையும் தர இயலாத அழுத்தத்தால் கனிமங்களின் உள்ளமைப்பே மாறிவிடுகின்றது. மணலிலுள்ள சிலிக்கா, கோயசைட் என்னும் அடர்ந்த வடிவம் பெறுகின்றது. இத்தகைய சான்று எதுவும் அல் வாபாவில் இல்லை. சுருங்கச் சொன்னால், வட்டம் பொய் சொல்லும். உடைத்துப் பார்த்த கல் பொய் சொல்லாது.

பாலை தந்த பாடங்கள்

பாலை நமக்கு அந்நியமன்று. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் தேரிகளில் நடந்தவர்கள், காற்று மணலை அள்ளி நேற்றிருந்த மேட்டை இன்று பள்ளமாக்குவதைக் கண்டிருப்பர். அத்தகைய மணற்கடலே அரேபியாவின் ரப் அல் காலி. 1932ஆம் ஆண்டில் பில்பி என்னும் ஆங்கிலேயர் அங்கே மறைந்துபோன பழைய நகரம் ஒன்றைத் தேடிச் சென்றார். வபார் என்னும் அந்த இடத்தில் அவர் கண்டது நகரத்தை அன்று; மணலில் பாதி புதைந்த குழிகளையும் கருநிறக் கண்ணாடிக் கட்டிகளையும் கண்டார். எரிமலையின் வாய்கள் என்றே முதலில் எண்ணினார். அவர் கொணர்ந்த இரும்புத் துண்டை இலண்டனில் ஆராய்ந்த பின்னரே, அவை விண்கல் விழுந்த குழிகள் என்பதும், அந்தக் கண்ணாடி உருகி உறைந்த மணல் என்பதும் புலனாயின.

ஒரே நாட்டுப் பாலையில், அல் வாபா, வபார் என இரு குழிகள். மண் வெடித்ததை வானம் என்றனர். வானம் இட்டதை மண் என்றனர்.

சோதித்தவரும் தவறக்கூடும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் மேற்குச் சகாராவிலிருந்து ஒரு சான்று காட்டுகின்றேன். மொரித்தானியா நாட்டில் ரிஷாட் என்னும் வளைய வடிவ நில அமைப்பு, 40 கிலோமீட்டர் அளவுக்குப் பரந்து கிடக்கின்றது. 1965ஆம் ஆண்டில் விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில் அது பெருங்கண் ஒன்று விழித்திருப்பதுபோல் தோன்றியது. விண்கல் மோதிய இடம் என்று பலர் கருதினர். கோயசைட்டே கிடைத்துவிட்டது என்றும் ஓர் அறிக்கை வந்தது. 1969ஆம் ஆண்டில் மறுபடியும் சோதித்தபோது, கோயசைட் என எண்ணப்பட்டது பாரைட் என்னும் வேறொரு கனிமமே எனத் தெரிந்தது. நிலம் குமிழிபோல் மேலெழும்பி, பின்னர்க் காற்றாலும் நீராலும் அரிக்கப்பட்ட வளையங்களே அவை. சான்று என்று ஒருவர் கையில் கொடுத்தாலும், அந்தச் சான்றையும் சோதிக்க வேண்டும் என்பதே ரிஷாட் கற்பிக்கும் பாடம்.

நம் நாட்டு லோணார்

இனி நம் நாட்டுக்கு வருவோம். மகாராட்டிர மாநிலத்துப் புல்தாணா மாவட்டத்தில் லோணார் ஏரி உள்ளது. 1.8 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டக் குழியில் உவர்நீர் நிற்கின்றது. லவணாசுரன் என்னும் அரக்கனைத் திருமால் அழித்த இடம் என்பது தலபுராணம். 1823ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் என்னும் ஆங்கிலேய அதிகாரி அதனைக் குறித்துவைத்தார். சுற்றிலும் தக்காணத்தின் எரிமலைப் பாறையே பரந்து கிடந்ததால், இதுவும் எரிமலையின் வேலையே என்று புவியியலார் பலர் நெடுங்காலம் எழுதிவந்தனர். அவர்கள் நினைத்தது பொருத்தமாகவே தோன்றியது. ஆயினும் அப்பாறை 6 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது. குழியோ அவ்வளவு பழமையானது அன்று. அடங்கிப்போன அடுப்பு மீண்டும் ஏன் வெடித்தது?

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினரும் அமெரிக்க அறிவியலாளரும் இணைந்து ஏரியின் அடியில் துளையிட்டனர். வெளியே வந்த கற்களை மெல்லியதாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தனர். பெரும் அதிர்ச்சியால் தன் படிக அமைப்பை இழந்து, உருகாமலே கண்ணாடியாக மாறிய கனிமம் அங்கே இருந்தது. 1973ஆம் ஆண்டில், லோணார் விண்கல் மோதி உண்டான குழி என உலகுக்கு அறிவித்தனர். அதன் வயது ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் என முதலில் கணித்தனர். பின்வந்த ஆய்வு 5,70,000 ஆண்டுகள் என்றது. தான் சொன்னதைத் தானே திருத்திக்கொள்ள அறிவியல் வெட்கப்படுவதில்லை. வெட்கப்படாமல் திருத்திக்கொள்வதே அதன் வலிமை.

லோணாரை நான் வேண்டுமென்றே சொன்னேன். எல்லாம் மண்ணிலிருந்தே வந்தவை என்பதும் ஒரு மூடநம்பிக்கை ஆகிவிடக் கூடும். வானமா மண்ணா என்பதை நம் விருப்பம் தீர்மானிக்கக் கூடாது. கல் தீர்மானிக்க வேண்டும்.

முத்தும் வானமும்

அதே 1973ஆம் ஆண்டில் நம் கரையிலும் ஒன்று நிகழ்ந்தது. நாம் வாழ்வது முத்துக்குளித்துறை. சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகின்றது என்று நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அதுவும் வானத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லப்பட்ட கதைதான். தூத்துக்குடியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து அறிவியலாளர் அழகர்சாமி, சிப்பி ஓட்டால் செய்த சிறு மணியையும் மற்றொரு சிப்பியின் திசுத் துண்டையும் சிப்பிக்குள் வைத்து, வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். மழைத்துளிக்கு அதில் இடமே இல்லை. தன்னுள் புகுந்து உறுத்துவதைச் சிப்பி தன் உடலிலிருந்தே சுரக்கும் பொருளால் அடுக்கடுக்காக மூடுகின்றது. முத்து மேலிருந்து வந்த கொடையன்று. உள்ளிருந்து வந்த உழைப்பு.

வானத்தின்மேல் பழி போட்டால்

குழியும் முத்தும் இருக்கட்டும்; நம் வாழ்வுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இரண்டு செய்திகளைக் கூறுகின்றேன்.

2016ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அந்நாளைய வேலூர் மாவட்டத்து நாட்றம்பள்ளி அருகே, ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரும் வெடிப்பு நேர்ந்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார்; வேறு சிலர் காயமுற்றனர். தரையில் ஒரு குழி காணப்பட்டது. விண்கல் விழுந்து அவர் இறந்ததாக மாநில அரசு அறிவித்தது. குடும்பத்துக்கு உதவித்தொகையும் அறிவிக்கப்பட்டது. உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் எழுதின. வெளியான படங்களைக் கண்ட நாசா அறிவியலாளர்களோ, தரையில் நிகழ்ந்த வெடிப்பையே அவை ஒத்திருப்பதாகத் தெரிவித்தனர்.

இச்செய்தியைப் படித்த நாளில் என் உள்ளத்தில் எழுந்த எண்ணம் இதுதான். வானத்திலிருந்து கல் விழுந்து ஓர் உழைப்பாளி இறந்தால், அதற்குத் தரையில் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. தரையில் வெடித்து இறந்தால், என்ன வெடித்தது, எப்படி அங்கு வந்தது, யார் கவனிக்கத் தவறினர் என்று நூறு கேள்விகள் எழும். ஆதலின், குழி வானத்தால் வந்ததா மண்ணால் வந்ததா என்பது புவியியலார்க்கு மட்டும் உரிய வினா அன்று. செத்தவனின் வீட்டாருக்கு உரிய வினா.

இரண்டாவது செய்தி என் வீட்டுக் கதை. என் தாயும் தந்தையும் உப்பளத்தில் உழைத்தவர்கள். ஐம்பது வயதுக்குள் என் தாயின் கண்களில் சதை வளர்ந்து பார்வை மங்கத் தொடங்கியது. "தலையெழுத்து, மேலே இருப்பவன் எழுதியது" என்றார் உறவினர். என் தாயும் அவ்வாறே நம்பினார். புவியியல் படித்து, ஆசிரியராகி, ஒளி எதிரொளித்தலைப் பற்றி வகுப்பறையில் பாடம் நடத்திய நானும் அதனை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பிற்காலத்தில் ஒரு கண் சிகிச்சை முகாமில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, எங்கே வேலை பார்த்தீர்கள்?" என்பது. வெயிலும், உப்பின் வெண்மையில் பட்டுத் தெறிக்கும் ஒளியும், உப்புத் தூசியும் பல ஆண்டுகள் கண்ணைத் தாக்கியதன் விளைவு என்றார். இளமையிலேயே கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தால் பெருமளவு தவிர்த்திருக்கலாம் என்றார். அந்தக் கண்ணாடியை வாங்கித்தர என்னால் முடிந்திருக்கும். மேலே எழுதப்பட்டது என்று நம்பியதால் நான் கீழே தேடவில்லை. இந்தக் குற்றத்தை உங்கள் முன் ஒப்புக்கொள்வதற்காகவே இவ்வளவு தூரம் பேசினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் முன்னோடிகள் காட்டிய வழி

அன்புடையீர்! நம் மக்களின் நிலை குறித்தும் இப்படித்தான் சொல்லப்பட்டது. பிறப்பு மேலிருந்து விதிக்கப்பட்டது, முற்பிறவி வினை, மாற்ற இயலாதது என்றனர். வட்டத்தைப் பார்த்து விண்கல் என்றதுபோல், சேரியைப் பார்த்து விதி என்றனர். அந்தச் சொல்லைச் சோதித்துப் பார்த்தவர்கள் நம்மிடையே தோன்றினர். அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டில் தொடங்கிய தம் இதழில், பழைய கதைகளையும் சொற்களையும் கிளறி, இவை எங்கிருந்து வந்தன என்று வினவினார். அண்ணல் அம்பேத்கர், தீண்டத்தகாதோர் யார், அவர்கள் எவ்வாறு அந்நிலைக்கு ஆளாயினர் என்னும் வினாவையே 1948ஆம் ஆண்டில் ஒரு நூலாக எழுதினார். வானத்தைக் கேளாமல் வரலாற்றைக் கேட்டனர்; நிலம், உணவு, அரசு, சமயம் என மண்ணில் நிகழ்ந்தவற்றில் காரணம் தேடினர். அவர்கள் கண்ட முடிவுகளையும் நீங்கள் ஆராய்ந்தே ஏற்க வேண்டும். அதுவே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. மனிதர் செய்தது என்று தெரிந்துவிட்டால், மனிதரால் மாற்றவும் முடியும் என்பது தெரிந்துவிடும்.

இளைஞர்களே, உங்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. எவர் எதைச் சொன்னாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதனைச் சொன்னவர் எதைப் பார்த்துச் சொன்னார்? வேறு எவ்வகையிலேனும் இது நேர்ந்திருக்கக் கூடுமா? எதனை உடைத்துப் பார்த்தால் இரண்டில் எது உண்மை என்று தெரியும்? கைபேசியில் வரும் செய்தியையும் கேளுங்கள்; மேடையில் பேசும் தலைவரையும் கேளுங்கள்; இன்று பேசிய என்னையும் கேளுங்கள்.

சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். நம் மாலைநேரப் பயிற்சி நிலையத்தில் ஒரு சிறு அலமாரி வையுங்கள். தேரி மணல், பல பாத்திகளின் உப்பு, சிப்பி, சங்கு, கரையோரப் பாறை ஆகியவற்றைப் பிள்ளைகளே சேகரித்து, எங்கிருந்து கிடைத்தது என்று எழுதி அதில் வைக்கட்டும். உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்றும் அதனருகில் இருக்கட்டும். மற்றொரு கண்ணாடியும் வேண்டும். உப்பளத்துக்குச் செல்லும் நம் தாய்மார்களுக்குக் கறுப்புக் கண்ணாடி கிடைக்க ஆவன செய்யுங்கள். முதல் பத்துக் கண்ணாடிகளின் விலையை நான் தருகின்றேன். அதற்குமேல் காலந்தாழ்த்த என் மனம் இடந்தரவில்லை.

என் மாணவர் மீண்டும் சவூதிக்குச் சென்றுவிட்டார். புறப்படும் முன் வந்து சொல்லிக்கொண்டு போனார். "இனி யாராவது நட்சத்திரம் விழுந்த குழி என்றால் நான் என்ன சொல்ல வேண்டும், சார்?" என்று கேட்டார். "நீ எதுவும் சொல்லாதே, தம்பி, சுவரில் இருக்கும் அடுக்கைக் காட்டு" என்றேன்.

உங்களுக்கும் நான் சொல்வது அதுவே.